ஸ்டுடியோவை மூடலாமா என்று கேட்கும் அண்ணாச்சிக்கு

கேள்வி: எனக்கு வயது 57. சங்கரன்கோவில் பக்கம் அப்பா காலத்திலிருந்து ஸ்டுடியோ நடத்தி வருகிறோம். பத்தாவது முடித்ததும் டார்க் ரூமுக்குள் போனவன் நான். நெகட்டிவில் பென்சில் டச்சிங் செய்வது, என்லார்ஜ்மென்ட் போடுவது, கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் கலர் பூசுவது எல்லாம் அப்பாவிடம் கற்றது. 2007இல் டிஜிட்டலுக்கு மாறினேன். இன்று பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குக்கூட ஆள் வருவதில்லை. கல்யாண ஆர்டர்கள் சின்னப் பையன்களிடம் போகின்றன. விஸ்காம் படித்த என் மகன் மிரர்லெஸ் கேமரா வாங்கலாம், ஏஐ வைத்துப் படம் பொறுக்கலாம், முன்னறையை வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறான். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ரோலுக்கு 36 படம், ஒவ்வொன்றையும் யோசித்து எடுத்தோம். அதுதான் தொழில். அப்பாவின் நெகட்டிவ்கள் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. நெகட்டிவைப் பெரிதாக்கிப் படம் போடும் என்லார்ஜரைப் பழைய இரும்புக்காரர் கேட்கிறார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மூடிவிடலாமா?

பதில்:

அன்புள்ள அண்ணாச்சி,

மூட வேண்டாம். என்லார்ஜரையும் கொடுக்க வேண்டாம், அதற்கு ஒரு வேலை இருக்கிறது. டிரங்குப் பெட்டிகளை இந்த வாரமே திறந்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனக்குறையைப் பற்றி. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், டெவலப்பர் தட்டில் ஒரு முகம் மெல்ல எழுந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கணினித் திரை வெறுமையாகத்தான் தெரியும். அந்த இழப்பு உண்மையானது, அதை யாரும் உங்களிடம் மறுத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஃபிலிம் காலத்தைப் பற்றி "அதுதான் தொழில்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

உங்கள் அப்பாவை நினைத்துப் பாருங்கள். கையால் கலர் பூசுவதில் கைதேர்ந்தவருக்கு, எண்பதுகளில் கலர் லேப்கள் ஊருக்கு ஊர் வந்தபோது என்ன ஆகியிருக்கும்? வருடக்கணக்கில் பழகிய தூரிகை வேலை சில ஆண்டுகளில் கேட்பாரற்றுப் போனது. அவரும் கறுப்பு வெள்ளைக் காலத்தைத்தான் தொழில் என்று சொல்லியிருப்பார். இருந்தாலும் கலர் ஃபிலிம் வாங்கிப் போட்டு ஸ்டுடியோவை உங்கள் கையில் கொடுத்தார். நீங்கள் ஏங்குகிற 36 படக் காலமே அப்பாவுக்குப் புதுத் தொழில்நுட்பம்தான்.

மாறாதவர்களின் கதி என்ன என்று பார்க்க நாம் தூரம் போக வேண்டாம். ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். 'இந்து' என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளை ஃபிலிமையும் தாளையும் உங்கள் அப்பா வாங்கியிருப்பார். மத்திய அரசு நிறுவனம், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு. சந்தை கலருக்குப் போனபோது அது கறுப்பு வெள்ளையிலும் எக்ஸ்ரே ஃபிலிமிலும் நின்றுவிட்டது. தொண்ணூறுகளில் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, கடைசியில் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களின் திறமையில் குறை இல்லை. தயாரித்த பொருள் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

அப்புறம், அந்தக் காலம் எல்லோருக்கும் நல்ல காலமாக இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். ஃபிலிம் விலை அதிகம் என்பதால் படம் எடுத்துக்கொள்வது பல வீடுகளுக்கு எட்டாத விஷயம். இறந்த பிறகு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு எடுத்த படம்தான் பாட்டியின் ஒரே படம் என்று நம் பக்கத்தில் எத்தனை வீடுகள்! அப்படி எடுக்க உங்களையே கூப்பிட்டிருப்பார்கள். இன்று அந்த வீட்டுப் பேத்தி தன் அம்மா சிரிப்பதை, சமைப்பதை, நடந்து போவதை எல்லாம் கைபேசியில் வைத்திருக்கிறாள். நமக்கு வியாபாரம் குறைந்தது உண்மைதான். ஆனால் அவளுக்குக் கிடைத்தது சாதாரணமானது இல்லை, அதை நாம் குறைத்துப் பேசக் கூடாது.

நம் நிறத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கலர் லேப்களில் தோல் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருப்பது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயரால் அதை ஷிர்லி கார்டு என்பார்கள். அவர் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று பொருள். கறுத்த தோலின் நுட்பங்கள் அந்தக் கணக்கில் வெகுகாலம் சேரவே இல்லை. மாப்பிள்ளையின் வேட்டி வெளுத்துப் போகாமலும் முகம் கரி பிடித்த மாதிரி ஆகாமலும் ஒரே படத்தில் கொண்டுவர நீங்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள். இன்றைய கேமராவின் ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில், இருட்டான இடத்திலிருந்து முகத்தின் உண்மை நிறத்தை மீட்டெடுக்க முடிகிறது. நம் ஆட்களை நம் நிறத்திலேயே அழகாகக் காட்ட இவ்வளவு வசதி முன்பு இருந்ததில்லை.

சரி, உங்கள் தொழில் எங்கே சறுக்கியது? 2007இல் நீங்கள் கேமராவை மாற்றினீர்கள். ஆனால் காசு வாங்கும் முறையை மாற்றவில்லை என்று நினைக்கிறேன். பெரும்பாலான ஸ்டுடியோக்களில் நடந்தது இதுதான். ஃபிலிம் காலத்தில் வருமானம் பிரிண்டில் இருந்தது. நெகட்டிவ் நம்மிடம் இருக்கும், காப்பி வேண்டுமென்றால் வாடிக்கையாளர் நம்மிடம்தான் வர வேண்டும். உங்கள் நேரத்துக்கும் கண்ணுக்கும் தனியாக விலை சொன்னதே இல்லை, அது பிரிண்ட் விலைக்குள் ஒளிந்திருந்தது. டிஜிட்டல் வந்ததும் எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தோம். பிரிண்ட் போனது, அதற்குள் இருந்த நம் கூலியும் போனது. ஆல்பத்தில் இத்தனை ஷீட், ஷீட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு மட்டும் மிஞ்சியது. அந்தக் கணக்கில் உங்களைவிட ஷீட்டுக்குப் பத்து ரூபாய் குறைத்துச் சொல்பவன் எப்போதும் கிடைப்பான்.

கோடாக்குக்கும் இதுதான் நேர்ந்தது. டிஜிட்டல் கேமராவை மறைத்துவைத்து அழிந்தார்கள் என்று கதை சொல்வார்கள். நடந்தது அவ்வளவு எளிமையானது இல்லை. முதல் டிஜிட்டல் கேமராவை 1975இல் செய்தவர் அவர்களின் பொறியாளர் ஸ்டீவன் சாசன். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்ட கருவி அது. பின்னால் கோடாக் டிஜிட்டல் கேமராக்களை நிறையவே விற்றது, 2005இல் அமெரிக்க விற்பனையில் முதலிடத்தில்கூட இருந்தது. ஆனால் லாபம் ஃபிலிமிலும் தாளிலும் இருந்ததே தவிர, கேமராவில் அது வரவில்லை. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அதே காலத்தில் ஃபியூஜிஃபிலிம் வேறொரு கேள்வி கேட்டுக்கொண்டது: ஃபிலிமை விட்டால் நமக்கு என்னென்ன தெரியும்? ஃபிலிமுக்கு அடித்தளமாகப் போட்ட அதே வகை மெல்லிய தகடு எல்சிடி திரைகளுக்குத் தேவைப்பட்டது. ஃபிலிமில் இருக்கும் கொலாஜன் பற்றியும் நிறம் மங்காமல் காப்பது பற்றியும் தெரிந்ததை வைத்து முகப்பூச்சுப் பொருட்கள்கூடச் செய்தார்கள். இன்றும் நிற்கிறார்கள்.

அந்தக் கேள்வியை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிலிமை விட்டால் உங்களுக்கு என்ன தெரியும்? ஒளி தெரியும். எந்த முகத்துக்கு எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வர வேண்டும் என்று தெரியும். எந்த நொடியில் பட்டனை அழுத்துவது என்று தெரியும், ஃபிலிம் விலை கொடுத்துக் கற்ற பாடம் அது. டச்சிங் தெரியும், அதாவது ஒரு முகத்தில் எதைத் தொடலாம், எதைத் தொட்டால் அது அவர் முகமாக இருக்காது என்று தெரியும். இவை எதையும் உங்கள் மகன் கல்லூரியில் இந்த அளவுக்குப் பழகியிருக்க முடியாது.

மகன் சொல்வதற்கு வருகிறேன். ஏஐ வைத்துப் படம் பொறுக்குவதைத் தாராளமாகச் செய்யுங்கள். நாலாயிரம் படத்தில் கண் மூடியது, ஆடியது, ஒரே மாதிரி பத்து எடுத்தது ஆகியவற்றை ஒதுக்க இரண்டு ராத்திரி கண் விழிக்க வேண்டியதில்லை. அந்த வேலையில் கலை எதுவும் இல்லை. ஆனால் ஒதுக்கியவற்றை ஒருமுறை நீங்கள் புரட்ட வேண்டும். தாரை வார்க்கும்போது பெண்ணின் அப்பா கண்ணை மூடி அழுதுகொண்டிருப்பார். கண் மூடியிருக்கிறது என்று மென்பொருள் அந்தப் படத்தைக் கழித்துக்கட்டும். அந்த ஆல்பத்திலேயே முக்கியமான படம் அதுவாக இருக்கலாம். எடிட்டிங்கும் அப்படித்தான். நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒரே சீராக்க உதவும், எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தை வழவழப்பாக்கி வெளுப்பாக்கும் பொத்தானை மட்டும் பூட்டி வையுங்கள். வாடிக்கையாளரே வெளுப்பாக்கச் சொல்வார்கள், தெரியும். நன்றாக ஒளி விழுந்த மாநிறப் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பலர் மனம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மிரர்லெஸ் கேமராவைப் பொறுத்தவரை அவன் சொல்வது சரி, அதுவும் உங்களுக்காகவே சரி. 57 வயதில் வெள்ளெழுத்து வந்திருக்கும். எதிரில் இருப்பவரின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் கேமரா உங்கள் மகனைவிட உங்களுக்குத்தான் அதிகம் உதவும். எடுக்கப்போகும் படத்தின் வெளிச்சத்தை எடுக்கும் முன்பே வியூஃபைண்டரில் பார்க்கலாம். ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நெகட்டிவ் ஃபிலிமில் சந்தேகம் வந்தால் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஓவராக விடுவோம், ஃபிலிம் தாங்கும். டிஜிட்டல் அதற்கு நேர்மாறு. வேட்டியின் வெள்ளை ஒருமுறை வெளுத்துப்போனால் திரும்ப வராது, நிழலில் இருப்பதை மீட்கலாம். வெள்ளையைக் காப்பாற்றும்படி எக்ஸ்போஷர் வையுங்கள். கடன் வாங்கி உடனே வாங்க வேண்டாம். இரண்டு மூன்று கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டு முடிவு செய்யுங்கள். டிரோனும் சொந்தமாக வேண்டாம். 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட 2021 விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழ் தேவை. கேட்கும் கல்யாணத்துக்கு அந்தச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்.

முன்னறையை வாடகைக்கு விடுவதில் மட்டும் நான் உங்கள் மகனுக்கு எதிர்க்கட்சி. உங்கள் ஊரில் சேலை நெய்கிறார்கள், விற்கிறார்கள். இப்போது அந்த விற்பனையில் ஒரு பங்கு வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் நடக்கிறது. படத்தில் பார்த்த மயில் கழுத்து நிறம் ஒன்று, பார்சலில் வந்தது வேறொன்று என்பதுதான் அந்த வியாபாரத்தின் பெரிய தலைவலி. டியூப் லைட்டுக்குக் கீழே கைபேசியில் எடுத்தால் அப்படித்தான் ஆகும். உங்களிடம் அறை இருக்கிறது, லைட் இருக்கிறது, நிறம் பார்க்கத் தெரிந்த கண் இருக்கிறது. நிறத்தை ஒப்பிட்டுச் சரிசெய்ய உதவும் சாம்பல் நிற கிரே கார்டு ஒன்றும், நிறம் சரிபார்த்த ஒரு மானிட்டரும் சேர்த்தால் போதும். நாலைந்து கடைக்காரர்களிடம் ஒரு சேலையை மட்டும் இலவசமாக எடுத்துக் காட்டுங்கள். கல்யாணம் இல்லாத மாதங்களிலும் வரும் வேலை இது.

இனி டிரங்குப் பெட்டிகள். பெட்டியைத் திறந்ததும் வினிகர் மாதிரிப் புளித்த வாடை வருகிறதா பாருங்கள். பழைய அசிட்டேட் ஃபிலிமின் அடித்தளம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது வரும் வாடை அது. ஒரு ரோலிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்து ரோலையும் கெடுக்கும். மூடிய இரும்புப் பெட்டி, அதுவும் நம் ஊர் வெயிலில், இதற்கு மிக மோசமான இடம். வாடை வருபவற்றைத் தனியே பிரித்து, மற்றவற்றைக் காகித உறைகளில் போட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான உலர்ந்த அறையில் தரைக்கு மேலே வையுங்கள். பிவிசி உறை வேண்டாம்.

பிறகு டிஜிட்டல் ஆக்குங்கள். வாடை வருபவை முதலில், அடுத்துக் கலர் நெகட்டிவ்கள், நல்ல நிலையில் உள்ள கறுப்பு வெள்ளை கடைசியில். பழையதை முதலில் செய்யத்தான் தோன்றும். ஆனால் கலர் நெகட்டிவின் சாயங்கள் மங்கிக்கொண்டே இருக்கும், நன்றாகக் கழுவி எடுத்த கறுப்பு வெள்ளையின் வெள்ளிப் படிமம் நிலையானது. விலை உயர்ந்த ஸ்கேனர் தேவையில்லை. தரமான எல்ஈடி லைட் பேனல் ஒன்றின் மேல் நெகட்டிவைத் தட்டையாக வைத்து, மேலிருந்து கேமராவால் ரா ஃபைலாக எடுத்தால் போதும். இங்கேதான் என்லார்ஜர் வருகிறது. அதன் லென்ஸ் தட்டையான நெகட்டிவை ஓரம் வரை கூர்மையாகக் காட்டவே செய்யப்பட்டது. பெரும்பாலும் 39 மில்லிமீட்டர் மரைதான் இருக்கும், அதற்கு அடாப்டர் கிடைக்கிறது. துருத்தி மாதிரி நீளும் பெல்லோஸ் ஒன்றைச் சேர்த்து மிரர்லெஸ் கேமராவில் மாட்டினால், மிக அருகில் எடுக்க அருமையான மேக்ரோ லென்ஸ். என்லார்ஜரின் தூணும் அடிப்பலகையுமே கேமராவைத் தாங்கும் ஸ்டாண்டாகிவிடும். எடுத்ததை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

அந்தப் பெட்டிகளில் இருப்பது உங்கள் ஊரின் குடும்ப வரலாறு. ஆடித் தபசுக் கூட்டம், பழைய கடைத்தெரு, இப்போது துபாயிலும் சென்னையிலும் இருப்பவர்களின் பெற்றோர் கல்யாணம். தாத்தா பாட்டி படம் கிடைக்குமா என்று கேட்டு வருபவர்களுக்கு நியாயமான விலை சொல்லலாம். இதில் பழைய படத்தைச் சீர்செய்ய ஏஐ உதவும், ஆனால் நீங்கள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். பாட்டி காதில் தொங்கும் பாம்படம் என்னவென்று அந்த மென்பொருள் அறிந்திருக்க வாய்ப்பு குறைவு. மங்கலான இடத்தில் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு கம்மலை வரைந்து வைக்கும். முகத்தையும் அப்படியே ஊகித்து நிரப்பும், பார்க்கத் தெளிவாக இருக்கும், பாட்டியாக இருக்காது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய உங்கள் டச்சிங் கண் வேண்டும். ஒன்று மட்டும்: சம்பந்தப்பட்ட குடும்பத்தைக் கேட்காமல் எந்தப் படத்தையும் இணையத்தில் போடாதீர்கள்.

காசு விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். இனி ஆர்டரைத் தாளில் எழுதுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை பேர் வருவோம், எடிட் செய்த படம் எத்தனை, எந்தத் தேதிக்குள், இதற்கு இவ்வளவு. ஆல்பம் தனி விலை. முன்பணம் எவ்வளவு என்பதும் இருக்கட்டும். படங்களை உங்கள் இன்ஸ்டாகிராமில் போட அனுமதி உண்டா என்பதற்கும் ஒரு வரி வேண்டும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர் என்பது நம் பதிப்புரிமைச் சட்டம். வந்தவர்கள் செல்ஃபி கொடுத்துத் தங்கள் படத்தைத் தேடி எடுத்துக்கொள்ளும் வசதியை மகன் கொண்டுவந்தால், அதற்கும் கல்யாண வீட்டாரின் சம்மதத்தை இதே தாளில் வாங்கிவிடுங்கள்.

ஆடி மாதம் முகூர்த்தம் இருக்காது, நெகட்டிவ் வேலையை அப்போது அப்பாவும் மகனுமாகத் தொடங்குங்கள். அவன் கணினியில் உட்காரட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து இது யார், எந்த வருடம், எந்த லைட்டில் எடுத்தது என்று சொல்லச் சொல்ல அவன் பெயரும் விவரமும் போடட்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம் மென்பொருளை அவன் உங்களுக்குச் சொல்லித்தரட்டும், அடுத்த நாள் முன்னறையில் ஒற்றை லைட்டை வைத்து முகம் எடுக்க நீங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆவணியில் வரும் முதல் ஆர்டரில் அவன் முன்னால் நிற்கட்டும், நீங்கள் இரண்டாவது கேமரா எடுங்கள். 36 படம்தான் எடுப்பேன் என்று வைத்துக்கொண்டு எடுங்கள். ஆல்பம் வடிவமைக்கும்போது அவற்றில் எத்தனை உள்ளே போகின்றன என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள்.